எந்த பட்டாலியன் என்று கேட்டது குற்றமா?

பேரன்ட்ஸ் குரூப்பில் இருந்து என்னைத் தூக்கிய கதை இதற்குள் உங்களில் பாதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட்டாக வந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் மறுபடி எழுதப் போவதில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கப்போகும் இந்த என்.சி.சி. முகாமை நடத்துவது எந்த பட்டாலியன்?" அதற்கு வரிசையாகக் கும்பிடு எமோஜிகள். "ராணுவத்தின் மீதே சந்தேகமா?" என்று ஒரு அப்பாவின் பிரசங்கம். கடைசியில் அட்மின் கதவைச் சாத்திவிட்டார். பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

சரி, குரூப்பில் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, 1948-இல் தனிச் சட்டம் போட்டுத் தொடங்கிய அமைப்பு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. ஒரு பள்ளியில் தரைப்படைப் பிரிவு இருக்கிறது என்றால் அது ஏதாவது ஒரு பட்டாலியனின் (பல பள்ளி, கல்லூரிகளின் என்.சி.சி.யை நடத்தும் அலுவலகம்) கீழ் இருந்தே ஆக வேண்டும். அதற்கு மேலே என்.சி.சி. குரூப் தலைமையகம், அதற்கும் மேலே தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமானுக்கான இயக்குநரகம் சென்னையில். பள்ளியில் பொறுப்பு ஏ.என்.ஓ. என்கிற என்.சி.சி. பொறுப்பாசிரியருக்கு, டிரில் சொல்லித்தர பட்டாலியனில் இருந்து ஹவில்தார்கள் வருவார்கள். ஆண்டு முகாம் என்றால் பல பள்ளி, கல்லூரிகளின் கேடட்டுகள் ஒரே இடத்தில் கூடுவார்கள், ராணுவ அதிகாரி ஒருவர் தலைமையில். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஜூனியர் பிரிவில் சேரவே 12 வயது ஆக வேண்டும்.

நம் பள்ளியின் சர்க்குலரில் நான்காம் வகுப்பில் இருந்தே சேரலாம் என்று போட்டிருக்கிறது. பயிற்சியாளர் பெயருக்குப் பக்கத்தில் "மாஸ்டர்" என்று மட்டும் இருக்கிறது. முகாம் நடக்கும் இடம் பள்ளி ஹால். இதைப் பார்த்த பிறகும் எந்த பட்டாலியன் என்று கேட்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் போடுபவரிடம் கூட ரசீது கேட்கிற ஆட்கள்தானே நாம்?

2024 ஆகஸ்ட் அதற்குள் மறந்துவிட்டதா? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் என்றுதான் பெண் பிள்ளைகளை ராத்திரி தங்கவைத்தார்கள். பயிற்சியாளர் என்று வந்தவனின் பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளைப் பற்றி எல்லாரும் படித்தோம், எல்லாரும் கொதித்தோம், டிபி மாற்றினோம். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பள்ளியில் என்.சி.சி. யூனிட்டே கிடையாது என்று. என்.சி.சி.யே அதை அறிவித்தது. குழந்தை வாய் திறந்து சொன்ன பிறகும் பள்ளியில் வெளியே சொல்லாதே என்றார்களாம். தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம், அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முகாமுக்கு முன்னால் ஒரே ஒரு பெற்றோர் எந்த பட்டாலியன் என்று கேட்டு, பட்டாலியனுக்குப் போன் போட்டிருந்தால்? இதைத்தான் நான் கேட்கிறேன். இதற்குத்தான் நான் தேசத்துரோகி.

இன்னொன்று. நானும் என்.சி.சி. கேடட்டாக இருந்தவள்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், "சாவ்தான், விஷ்ராம்" (அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்) என்று யாராவது சத்தமாகச் சொன்னால் இப்போதும் என் குதிகால் தானாகச் சேரும். சனிக்கிழமை பரேடும் அதற்கு அப்புறம் கிடைக்கும் நாஷ்டாவும் இல்லாமல் என் பள்ளிக்காலம் இல்லை. முதல் முகாமுக்குக் கையெழுத்துப் போடும் முன் என் அம்மா நேராக பட்டாலியன் ஆபீஸுக்கே போய்விட்டார். அங்கே இருந்த சுபேதாருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. நடுவில் ஒரு கிளார்க். "ராத்திரி பொண்ணுங்ககூட எந்த மேடம் படுப்பாங்க? பாத்ரூம் எவ்ளோ தூரம்?" என்று அம்மா கேட்கக் கேட்க எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சுபேதார் கோபப்படவில்லை. உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நிஜ ராணுவத்துக்காரருக்கு இந்தக் கேள்வியால் ஒரு அவமானமும் வரவில்லை. நம் குரூப்பில்தான் எல்லாருக்கும் மானம் போகிறது.

"பள்ளியை நம்பவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்றார் குரூப்பில் ஒருவர். வருடம் முழுக்க ஃபீஸ் கட்டுவது நான். போக வேண்டியது நானா?

"பையனுக்கு என்னங்க பயம்?" இதைப் பெண் ஒருவரே கேட்டார். இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"கேள்வி கேட்டால் நம் பிள்ளையின் மார்க்கில் கை வைப்பார்கள்." இது நியாயமான பயம்தான். எனக்கும் உண்டு. ஆனால் ஒருத்தி கேட்டால்தானே பழிவாங்க முடியும்? நாற்பது பேர் கேட்டால் யாரைப் பழிவாங்குவார்கள்?

"சேர்ந்தால் ஆர்மி வேலை நிச்சயம்" என்று ஒரு மாமா. இல்லை மாமா. கல்லூரியில் என்.சி.சி.யின் சி சர்டிபிகேட் வாங்கி, டிகிரி முடித்தால் அதிகாரிகளுக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு கிடையாது, அவ்வளவுதான். ராணுவ அதிகாரிகளைத் தேர்வு செய்யும் எஸ்.எஸ்.பி. நேர்காணலில் எல்லாரையும் போலத் தேறித்தான் வர வேண்டும். பள்ளியில் வாங்கும் ஏ சர்டிபிகேட்டைக் காட்டி யாரும் வேலை தரப் போவதில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? பலருக்கு அது எந்த பட்டாலியன் என்பது பற்றிக் கவலையே இல்லை. "சொன்ன பேச்சே கேக்கறதில்ல, அங்க போட்டா நிமிர்த்திடுவாங்க." இதுதான் ஆசை. யார் நிமிர்த்துகிறார்கள், எதைக் கொண்டு நிமிர்த்துகிறார்கள் என்று கேட்க வேண்டாமா? 2023-இல் மும்பைக்குப் பக்கத்தில் உள்ள தானே நகரில் ஒரு கல்லூரி. மழைத்தண்ணீரில் தலைகுப்புறக் கேடட்டுகள், கையில் கம்போடு அடித்தவர் ஒரு சீனியர் மாணவர். அந்த வீடியோவை அன்றைக்கு நம் குரூப்பிலேயே பகிர்ந்து "அய்யோ பாவம்" போட்டவர்கள்தான் இன்றைக்கு என்னிடம் டிசிப்ளின் பற்றிப் பேசுகிறார்கள். அடிக்குப் பயந்து நிற்கிற பிள்ளைக்கு, தப்பாகத் தொடுகிறவனிடம் "வேண்டாம்" என்று சொல்ல எங்கிருந்து தைரியம் வரும்?

அந்தப் பிரசங்கம் செய்த அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் டூர் பஸ் வந்து சேராதபோது நள்ளிரவில் "உங்க பொண்ணு ஏதாவது பேசினாளா சிஸ்டர்" என்று எனக்குத்தான் போன் செய்தார். அன்றைக்கு நான் சிஸ்டர். இன்றைக்கு "இந்த மாதிரி ஆட்கள்".

நேற்று ராத்திரியில் இருந்து இன்பாக்ஸில் வரிசையாக மெசேஜ்: "நீங்க கேட்டது கரெக்ட்தான், ஆனா குரூப்ல சொல்ல முடியல." நன்றி. ஆனால் இன்பாக்ஸ் ஆதரவை வைத்து நான் என்ன செய்வது? வியாழக்கிழமை காலை பிரின்சிபாலைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பட்டாலியன் பெயரும் முகாமுக்கான அனுமதிக் கடிதமும் கேட்கப் போகிறேன். வருகிறவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள், இன்பாக்ஸில் வேண்டாம்.