டைகரின் எண்களைத் தொடாதீர்கள், களத்தை மாற்றுங்கள்

சென்ற வாரம் ஓர் இரவு வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டில், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் கனரக டாங்கியான டைகர் 1-ஐ ஓட்டிக்கொண்டிருந்தேன். இடிந்த வீடு ஒன்றின் ஓரத்தில், எதிரி வரும் திசைக்கு முகத்தை நேராகக் காட்டாமல், வண்டியின் மூலை அவரைப் பார்க்கும்படி சாய்வாக நிறுத்தியிருந்தேன். எதிரே வந்த சோவியத் டாங்கியான டி-34-85 சுட்டது. குண்டு முன்கவசத்தில் உரசித் தெறித்துப் போனது. அடுத்த குண்டும் அப்படியே போனது. மூன்றாவது குண்டை அவர் நிரப்பி முடிப்பதற்குள் என் கன்னர் அவரை முடித்துவிட்டார்.

இந்த வித்தையை எனக்கு விளையாட்டு கற்றுத் தரவில்லை. 1943இல் ஜெர்மன் ராணுவம் டைகர் குழுவினருக்காக அச்சிட்ட கையேடு கற்றுத் தந்தது. பத்தரை மணி, ஒன்றரை மணி என்று கடிகார முகப்பின் நான்கு சாய்ந்த திசைகளுக்குச் சாப்பாட்டு வேளைகளின் பெயர்களைச் சூட்டி, எதிரி அவற்றில் ஒன்றில் இருக்கும்படி வண்டியைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று இருபது வயதுப் பையன்களுக்கும் புரியும்படி அது சொல்கிறது. டைகரின் முன்கவசம் 100 மில்லிமீட்டர், பக்கவாட்டின் மேல்பகுதி 80 மில்லிமீட்டர். சாய்த்து நிறுத்தினால் குண்டு கடக்க வேண்டிய இரும்பின் அளவு இரண்டு பக்கமும் கூடிவிடும். அன்றைய குழுவினர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்ற பாடம் எண்பது ஆண்டுகளுக்குப் பின் என் கணினியிலும் செல்லுபடியானதற்கு ஒரே காரணம், விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த இரண்டு எண்களையும் உள்ளபடியே விட்டுவைத்ததுதான்.

இரண்டு பக்கத்துக்கும் வெற்றி வாய்ப்பு சமமாக இருக்க, அதாவது சமநிலைக்காக, வண்டிகளின் இயல்புகளை மாற்றுவது தவறில்லை, விளையாட்டு விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நண்பர்கள் பலர் வாதிடுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டைகர் 1 மொத்தமாகக் கட்டப்பட்டது ஏறத்தாழ 1,350 மட்டுமே. அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கியோ 50,000-ஐ ஒட்டி வரும். பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்று ஆட்டத்தை அமைத்த அந்தக் கணத்திலேயே ஷெர்மனின் மிகப் பெரிய பலமான எண்ணிக்கை காணாமல் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட ஷெர்மனுக்கு எதையாவது கொடுக்க வேண்டும், அல்லது டைகரிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டும். எதை மாற்றுவது என்பதில்தான் எனக்கு அவர்களோடு கருத்து வேறுபாடு.

ஒவ்வொரு டாங்கியும் பிறக்கும்போதே ஒரு சமரசத்தோடுதான் பிறக்கிறது என்பதை இந்த விவாதத்தில் யாரும் போதிய அளவு பேசுவதில்லை. சோவியத் ஐஎஸ்-2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பீரங்கி 122 மில்லிமீட்டர். குண்டு மட்டுமே ஏறத்தாழ 25 கிலோ. குண்டும் வெடிமருந்துக் குப்பியும் தனித்தனி என்பதால் டரட் எனப்படும் நெருக்கடியான சுழலும் பீரங்கிக் கூண்டுக்குள் ஒரே ஆள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி நிரப்ப வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டாலே பெரிது. உள்ளே வைக்க இடம் இருந்தது 28 குண்டுகளுக்கு மட்டும். டைகரின் 88 மில்லிமீட்டர் குண்டோ குப்பியோடு ஒரே துண்டு, வேகமாக நிரப்பலாம், 92 குண்டுகள் எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்த வசதிக்கான விலையாக டைகர் 57 டன் எடையோடு நிற்கிறது. நான்கு பேரை இறுக்கி அடைத்த ஐஎஸ்-2 அதைவிடக் கனமான முன்கவசத்தோடு 46 டன்னில் முடிந்துவிடுகிறது. இரண்டு நாட்டுப் பொறியாளர்களும் தங்கள் இரும்பு, தங்கள் பாலங்கள், தங்கள் ஆட்கள் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டுச் செய்த சமநிலை இது. ஐஎஸ்-2 நிரப்பும் நேரத்தைச் சமநிலை என்ற பெயரில் பாதியாகக் குறைத்தால், அந்தப் பெரிய பீரங்கிக்கு அவர்கள் கொடுத்த விலையையே அழித்துவிடுகிறோம். முதல் குண்டு தவறினால் உயிர் போய்விடும் என்ற அச்சத்தோடு நிதானமாகக் குறி வைக்கும் அந்த ஓட்டும் முறையும் அதோடு போய்விடும்.

வரலாற்றுத் துல்லியம் கேட்டுக் குரல் எழுப்புவோரிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் கவசத்தின் தடிமனும் பீரங்கியின் துளைக்கும் திறனும்தான். ஜெர்மனியின் பாந்தர் டாங்கியின் சாய்ந்த முன்கவசம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் கொதித்தெழுவார்கள். போருக்குப் பின் பாந்தர்களைத் தன் படையில் ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு ராணுவம், எஞ்சினின் விசையைச் சங்கிலிப் பட்டைகளுக்குக் கடத்தும் அதன் ஃபைனல் டிரைவ் சராசரியாக 150 கிலோமீட்டர் ஓட்டத்தில் பழுதாகிறது என்று 1947இல் எழுதிவைத்திருப்பதை நினைவூட்டினால் அமைதியாகிவிடுவார்கள். 1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க்கில் முதன்முதலாக இறக்கப்பட்ட பாந்தர்களில் பல, எதிரியின் குண்டு படும் முன்பே எஞ்சின் தீயாலும் பழுதாலும் நின்றுபோயின. அந்தப் பழுதை ஆட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. பாதி வழியில் வண்டி நின்றுபோகும் ஆட்டத்தை யாரும் ஆடமாட்டார்கள். ஆனால் காகிதத்தில் உள்ள நல்ல எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அதற்கு வரலாறு என்று பெயர் சூட்டினால், அது விற்பனைக் குறிப்பேடு ஆகிவிடும்.

இன்னும் பெரிய திரிபு நம் கண்ணெதிரே இருக்கிறது, அதைப் பற்றி எவரும் புகார் சொல்வதில்லை. வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே மிதக்கும் கேமரா அது. 1941இல் களமிறங்கிய டி-34இன் டரட்டுக்குள் இரண்டே பேர்தான். கமாண்டரே கன்னராகவும் இருந்தார். குறி பார்க்கும் கண்ணாடியில் கண்ணை வைத்துவிட்டால் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லை. சுடுவது கன்னர், நிரப்புவது இன்னொருவர், பார்ப்பதும் கட்டளையிடுவதும் மட்டுமே கமாண்டர் என்று மூன்று பேர் கொண்ட ஜெர்மன் டரட், கவசம் மெல்லியதாக இருந்தபோதும் முந்திக்கொண்டது இதனால்தான். சோவியத் தரப்பு இதை உணர்ந்தே 1944இல் டி-34-85க்கு மூவர் டரட்டைக் கொடுத்தது. விளையாட்டில் மிதக்கும் கேமரா இந்த வேறுபாடு முழுவதையும் ஒரே அடியில் துடைத்துவிடுகிறது. எல்லா டாங்கியும் எல்லாத் திசையிலும் பார்க்கிறது. பார்வையில் கிடைத்த சாதகத்தை இழந்த வண்டிகளுக்கு வேறெங்கோ ஈடு செய்ய வேண்டிய நிலை வருகிறது, அதற்காகத்தான் எண்களில் கை வைக்கிறார்கள். வார் தண்டரின் சிமுலேட்டர் முறையில் இந்த வெளிக்கேமரா கிடையாது. அங்கே சில மணி நேரம் ஆடிப் பாருங்கள், பழைய டி-34இன் குருட்டுத்தனம் எவ்வளவு கொடியது என்று புரியும்.

வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற இன்னொரு டாங்கி விளையாட்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 445 மீட்டருக்கு அப்பால் எந்த டாங்கியாலும் எதிரியைக் கண்டறிய முடியாது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அடிப்பதற்காகவே மதிக்கப்பட்ட 88 மில்லிமீட்டர் பீரங்கிக்கு அந்தக் களத்தில் என்ன வேலை? ஒவ்வொரு அடிக்கும் வண்டியின் உயிர்ப் புள்ளிகளைக் கழித்து, அவை தீர்ந்ததும் அழிந்ததாகக் கொள்ளும் ஹிட் பாயின்ட் முறையிலும் இதே குறை இருக்கிறது. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் உள்ள டைகர் 131, 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது. பிரிட்டனின் சர்ச்சில் டாங்கி ஒன்றின் குண்டு டரட்டின் அடியில் சிக்கி, அதைச் சுழலவிடாமல் இறுக்கிவிட்டது. கவசம் துளைபடவில்லை, ஆனாலும் குழுவினர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார்கள். ஹிட் பாயின்ட் கணக்கில் இதற்கு எழுதப்பட வேண்டிய சேதம் பூஜ்யம்.

வார் தண்டரும் குறையற்றது அன்று. அங்கே ஒரு வண்டியின் பேட்டில் ரேட்டிங், அதாவது அது எந்த வண்டிகளோடு மோதும் என்பதை முடிவு செய்யும் எண், அதை ஓட்டுபவர்களின் ஆட்டத் திறனைக் கணக்கிட்டு நிர்ணயிக்கப்படுகிறது. வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. இதனால் 1944இன் கனரக டாங்கி, அதன் கவசத்தைப் பொருட்படுத்தாத ஹீட் குண்டுகளைச் சுமந்த போருக்குப் பிந்தைய வண்டிகளோடு மோத நேர்கிறது. இரண்டே மாதிரிகளோடு நின்றுபோன 188 டன் ஜெர்மன் டாங்கியான மௌஸை, ஆட்டக்காரர்கள் வண்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பெறும் வழக்கமான ஆராய்ச்சி வரிசையிலிருந்து 2019இல் விலக்க வேண்டியதாயிற்று. ஆனால் மௌஸின் கவசத்தைப் பொய்யாகத் தடிப்பாக்கி அங்கேயே வைத்துக்கொள்ளாமல் விலக்கியதை நான் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

நம் நாட்டில் நடந்த ஒரு போரையும் சொல்ல வேண்டும். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் அருகே அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை இந்தியாவின் செஞ்சூரியன் டாங்கிகளும் பழைய ஷெர்மன்களும் எதிர்கொண்டன. காகிதத்தில் பாட்டன் புதியது. இந்திய ராணுவம் வயல்களில் நீரைத் திறந்துவிட்டு, கரும்புத் தோட்டங்களுக்குள் மறைந்து லாட வடிவில் காத்திருந்தது. பாட்டன்கள் சேற்றில் சிக்கின, பக்கவாட்டிலிருந்து அடிபட்டன. ஜீப்பில் ஏற்றிய பீரங்கியோடு டாங்கிகளை எதிர்த்து நின்ற அப்துல் ஹமீதுக்கு மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. செஞ்சூரியனின் கவசத்தை யாரும் கூட்டவில்லை, பாட்டனின் பீரங்கியை யாரும் குறைக்கவில்லை. முடிவைத் தீர்மானித்தவை நிலமும் நீரும் பதுங்கிய இடமும்தான். விளையாட்டுகளும் இதைத்தான் மாற்ற வேண்டும் என்று கேட்கிறேன்: எண்ணிக்கை, களத்தின் அளவு, மறைவிடம், இலக்கு, ஒரு வண்டியை இறக்குவதற்கான விலை. அரிய வண்டிக்குக் கூடுதல் புள்ளி கேட்கும் முறை காம்பாட் மிஷன் என்ற போர் விளையாட்டில் இருக்கிறது; வண்டியைக் களத்தில் இறக்கச் செலவிடும் புள்ளியான வார் தண்டரின் ஸ்பான் பாயின்ட்டும் இதற்குப் பக்கத்தில் வருகிறது.

இதையெல்லாம் முயன்று பார்த்துவிட்டார்கள் என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. 2014இல் வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் வரலாற்றுப் போர்கள் என்ற முறையைக் கொண்டுவந்தது உண்மை, அது நிலைக்கவில்லை என்பதும் உண்மை. வலிமையான டாங்கிக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள்; எளிய டாங்கியை எடுக்க ஆளில்லை. என் பார்வையில் அங்கே தோற்றது வரலாறு இல்லை, ஆட்டத்தை அமைத்த விதம். கிரிக்கெட்டில் ஓர் அணி மட்டையடித்து முடித்தால் மற்ற அணி ஆட வருகிறது அல்லவா, அதைப்போல ஐந்து டைகரும் பதினைந்து ஷெர்மனும் என்று ஒரு சுற்று ஆடி, அதே களத்தில் பக்கம் மாற்றி இன்னொரு சுற்று ஆடி, இரண்டையும் கூட்டி வெற்றியை முடிவு செய்யலாம். ஐந்து பேருக்கும் பதினைந்து பேருக்கும் ஆள் கணக்கு இடித்தால், டைகர்காரருக்கு ஒரே உயிர், ஷெர்மன்காரருக்கு மூன்று உயிர் என்று பக்கத்துக்குச் சம ஆட்களோடு ஆடலாம். இரண்டு வண்டிகளின் ஓர் எண்ணைக்கூட மாற்றத் தேவையில்லை. முதல் சுற்றில் ஷெர்மன் பக்கம் கொடுத்தால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வேன். அந்தக் கையேட்டைப் படித்துவிட்டு மூலை காட்டி நிற்கும் டைகரின் பின்பக்கத்துக்குச் சுற்றிப்போகும் வழியைத் தேடிக்கொண்டிருப்பேன்.