கோட்டை, ஐஸ்கிரீம் கடை: அவ்வளவுதானா?

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கோட்டையும் நல்லூர் ஐஸ்கிரீம் கடைகளும் தவிர வேறொன்றும் இல்லை என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. போன விடுமுறையில் என் இரண்டு பிள்ளைகளையும் கீரிமலைக்குக் கூட்டிப்போனேன். கேணியில் நல்ல தண்ணீர், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கடல். சின்னவள் கேணித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதிலே உப்பே இல்லை!" என்று கத்தினாள். அப்புறம் நிலாவரைக் கிணறு: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. காரைநகர் கசூரினாக் கடற்கரையும் இருக்கிறது. அங்கே கடல் ஆழமில்லாததால் பிள்ளைகள் கரையோரமாக விளையாடலாம், ஆனாலும் கண் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும். குறை சொல்வதென்றால், கைக்குழந்தைக்குத் துணி மாற்ற ஒதுக்கிடம் இல்லாமல் தாய்மார் படும் பாட்டைத்தான் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும்.