சோழமண்டலத்துக்காரர்கள் கண்டுபிடித்த பதில்

பிளஸ் டூ முடித்த பிள்ளை கவின்கலைக் கல்லூரியில் சேரணும் என்று சொன்னால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி "சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்பதுதான். கேள்வி நியாயமானது. கடனை உடனை வாங்கிப் படிக்கவைக்கிற அப்பா கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் அந்தக் கேள்வியோடு பேச்சையே முடித்துவிடுகிறோம் பாருங்கள், எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. இதே கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே சென்னையில் சிலர் தங்களையே கேட்டுக்கொண்டு, பதிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். நன்றாக வரைகிற மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஏதோ ஒரு வேலையில் கரைந்துபோவதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கு அது புதுசும் இல்லை. குடும்பத்துக்காகப் பதினெட்டு வயசில் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனவர் அவர். 1936-ல், இருபத்தைந்து வயசில்தான் ஓவியப் பள்ளிக்கே வர முடிந்தது. அவரும் அவரைச் சுற்றியிருந்த கலைஞர்களும் பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் என்று செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டிய மணல்வெளியில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இருக்கிற ஈசிஆர் எல்லாம் அப்போது கிடையாது. துணியில் மெழுகு தடவி, சாயத்தில் முக்கி, மெழுகை எடுத்து, அதை விற்று அடுப்பெரித்தார்கள். மிச்ச நேரத்தில் தங்களுக்குத் தோன்றியதை வரைந்தார்கள், செதுக்கினார்கள்.

ஓவியம் விற்றுத்தான் சாப்பிடணும் என்று ஒரு கட்டாயம் இருந்தால், வாங்குகிறவர் கேட்பதைத்தான் வரைய முடியும். துணி சோறு போட்டதால் ஓவியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கைத்தொழில் கலையைக் கெடுக்கும் என்கிற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. சிற்பி பி.வி. ஜானகிராமைப் பாருங்கள். கோவிலில் சாமிக்குச் சாத்துகிற கவசம் இருக்கிறதே, அந்தத் தகட்டு வேலையிலிருந்துதான் தன் சிற்பத்துக்கான வழியையே எடுத்தார். செப்புத் தகட்டை அடித்து, மடக்கி, கம்பியைப் பற்றவைத்து அவர் செய்த உருவங்களில் பட்டறை எங்கே முடிகிறது, கலை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

சரி, இப்போது புதுசாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. செயலியில் நாலு வார்த்தை தட்டினால் நொடியில் படம் வந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு நாலு வருஷம் உட்கார்ந்து வரையக் கற்றுக்கொள்ளணும்? இதற்கும் பணிக்கரிடமே போகிறேன். இளவயசிலிருந்து நீர்வண்ணத்தில் கேரளத்துத் தோப்பும் தண்ணீருமாக வரைந்துகொண்டிருந்த மனிதர், 1963 வாக்கில், ஐம்பதைத் தாண்டிய பிறகு, 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசைக்கு வந்து சேர்கிறார். ஜாதகக் கட்டம், கணக்குச் சமன்பாடு, மலையாள எழுத்து மாதிரி இருந்தும் வாசிக்க முடியாத வரிகள். முப்பது வயசுப் பணிக்கரிடம் "உங்களுக்கு என்ன படம் வேணும்?" என்று கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். அவருக்கே தெரியாது. வரைந்து வரைந்து, பழசு அலுத்து, கை வேறு பக்கம் திரும்பி வந்த இடம் அது. நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் வார்த்தையில் கேட்டு வாங்க முடியும். கேட்கத் தெரியாத ஒன்று வரணும் என்றால் வேலைக்குள் இறங்கியே ஆகணும், இதற்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நானும் ஆபீஸ் போய்க்கொண்டே ராத்திரியில் வரைகிற ஆள்தான். எங்கள் தெருமுனைப் புங்கமரத்தை வருஷக்கணக்காகத் தாண்டிப் போயிருக்கிறேன். அதன் கிளை தண்டிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது, பிரிந்த இடத்தில் பட்டை எப்படிச் சுருங்கி மடிகிறது என்பதெல்லாம் பென்சில் எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தப் படத்தை யாரும் வாங்கப் போவதில்லை, விற்கவும் நான் வரையவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேறு யாருடைய வேலையையும் பார்க்கவில்லை, எனக்கு அது பெரிய விஷயம்.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கும்போது வயிறு எரிகிறது. பத்தாம் வகுப்பு வந்தால் கலர் பென்சிலைப் பரண் மேல் போட்டுவிடுகிறோம். எல்லாரும் ஓவியர் ஆகணும் என்று யார் சொன்னது? வங்கியில் வேலை பார்க்கட்டும், லேத் பட்டறைக்குப் போகட்டும், சாயங்காலம் வந்து வரையட்டும். வாரத்தில் ஒரு பீரியட், அதையாவது பிடுங்காமல் விடுங்கள்.

ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமம் இன்றைக்கும் இருக்கிறது, உள்ளே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று, அதாவது அந்த ஓவியக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீனக் கலைக்கென்று, அருங்காட்சியகமும் இருக்கிறது. மாமல்லபுரம் போகிற வழிதான், பிள்ளைகளோடு போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.