வாய்க்கால் திறக்கிற திகதியும் குளிசைத் திகதியும்

"கொரோனா ஊசி போட்ட நாளிலயிருந்து சனத்துக்கு ஒரே காய்ச்சல்." கிளிநொச்சியிலிருந்து மன்னார் வரை தேத்தண்ணிக் கடைகளில் இந்தக் கதைதான் ஓடுகிறது. காய்ச்சல்கள் திரும்பி வந்திருப்பது உண்மை. 2017இல் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேரைப் பிடித்த டெங்கு, 2020இல் 31 ஆயிரத்துக்கு இறங்கி, 2023இல் 90 ஆயிரத்தை நெருங்கியது. ஒழித்துவிட்டோம் என்று 2019இல் சான்றிதழ் வாங்கிய சின்னமுத்து 2023இல் திரும்பவும் தலைகாட்டியது. ஆனால் பழியை ஊசியில் போட்டுவிட்டால் எலியும் சேறும் தப்பிவிடுகின்றன. வன்னியில் எங்களைக் கொல்லக்கூடிய எலிக்காய்ச்சல் அங்கேதான் இருக்கிறது.

கொரோனாக் காலம் விட்டுப்போனது ஒரு கெட்ட பழக்கம். காய்ச்சல் என்றால் வீட்டிலேயே கிட, பனடோல் போடு, மூச்சு இழுத்தால் மட்டும் வா என்று இரண்டு வருடம் சொல்லிப் பழக்கினோம். அன்றைக்கு அது சரி. எலிக்காய்ச்சலுக்கு அது நேர் எதிர். முதல் சில நாளுக்குள் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் சாதாரணமாக மாறிவிடும் நோய், ஐந்தாறு நாள் கிடந்தால் சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் இறங்கிவிடும். 2024 டிசெம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் குறைந்தது 7 பேர் அடுத்தடுத்து இறந்தபோது முதலில் வைத்த பெயர் "மர்மக் காய்ச்சல்". பரிசோதித்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல். அதில் மர்மம் ஒன்றுமில்லை, வெள்ளமும் வயலும் இருக்கிற ஊருக்கு அது பழைய விருந்தாளி.

கிருமி எலியின் சிறுநீரில் வருகிறது. மாடு, எருமை, நாயும் காவும். பட்டி மாடுகள் வயலுக்குள்ளும் குளத்துக்குள்ளும் தாராளமாக உலாவுகிற வன்னியில் எலியை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. வெயிலில் காய்ந்த மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் கிருமி நிலைக்காது. தேங்கிய நன்னீரிலும் ஈரச் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் உள்ள வெடிப்பு, முள்ளுக் கீறல், ஊறிப்போன தோல், கண், வாய், மூக்கு எல்லாம் அதற்கு வாசல். உள்ளே போய்ப் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் காட்டும். சிலருக்கு ஒரு மாதம்கூட எடுக்கும். அதனால்தான் காய்ச்சல் வரும்போது வயல் வேலை மறந்துபோய்விடுகிறது.

வெட்டு மெசின் வந்தபிறகு அறுவடையில் சேற்றுக்குள் நிற்கிற ஆட்கள் குறைவு. வரம்பு கட்டுவது, வாய்க்கால் துப்புரவு செய்வது, களை பிடுங்குவது எல்லாம் இன்னும் கையும் காலும்தான். பூட்ஸ் போடுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் ஒருநாள் மன்னார் முருங்கனின் களிமண் சேற்றுக்குள் பூட்ஸோடு இறங்கிப் பார்க்க வேண்டும். கால் வரும், பூட்ஸ் வராது. ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது குளிசைதான்.

டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, வாரத்தில் ஒரே நாளில், ஒரே தடவையில். வயலில் இறங்குவதற்கு ஒரு கிழமை முன்னரே தொடங்கி, சேற்று வேலை முடியும்வரை ஒவ்வொரு கிழமையும் அதே நாளில். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் இலவசம். பிழை நடப்பது இதற்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் போட்டுப் பிரட்டி வாந்தி வந்தவர் அடுத்த கிழமை குளிசையைத் தொடமாட்டார். ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் குளிசை தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கும். "நெஞ்சு எரியுது, இந்தக் குளிசை கூடாது" என்ற பேச்சு இப்படித்தான் ஊர் முழுக்கப் பரவுகிறது. பால் தேத்தண்ணியோடும், இரும்புக் குளிசையோடும், நெஞ்செரிவுக்கு எடுக்கிற மருந்தோடும் போட்டால் மருந்து உடம்பில் சேராது. சிலருக்கு வெயில் பட்டால் தோல் எரியும். எனவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு, படுக்க ஒரு மணித்தியாலமாவது இருக்கும்போது போடுவது நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். அவர்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இந்தக் குளிசை நூறு வீதம் காக்காது. போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம். ஆகவே காய்ச்சல் வந்தால் வைத்தியசாலையில் முதல் வசனமே "வயலுக்குப் போனனான்" என்று இருக்கட்டும். கேட்டால் சொல்வோம் என்று இருக்க வேண்டாம், வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது கேட்க நேரம் இருக்காது. கெண்டைக்காலில் தொடவிடாத நோ, பீளை இல்லாமல் சிவந்த கண், குளிரோடு சட்டென்று ஏறிய காய்ச்சல், இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்த நாள் வரைக்கும் பார்க்கக் கூடாது.

இரத்தப் பரிசோதனையில் இரண்டு பொறிகள் உண்டு. குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) டெங்கிலும் இறங்கும், எலிக்காய்ச்சலிலும் இறங்கும். தனியார் ஆய்வுகூடத் துண்டில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "டெங்குதான்" என்று பப்பாசி இலைச் சாறு காய்ச்சுகிறவர்கள் பலர். டெங்கில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறையும், எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் கூடும். முழு அறிக்கையையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அடுத்தது, கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்குவதைத் தேடுகிற எலிக்காய்ச்சல் பிறபொருளெதிரிப் பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் செய்தால் "இல்லை" என்றே வரலாம். அந்த "இல்லை"யை நம்பி வீட்டுக்குப் போனவர்தான் பிறகு மஞ்சள் கண்ணோடு திரும்பி வருகிறார். சந்தேகம் வந்தாலே மருந்து தொடங்குவார்கள், முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வைத்தியரைப் பார்க்கும்வரை காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். 60 கிலோ ஆளுக்கு 500 மில்லிகிராமில் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8ஐத் தாண்டக் கூடாது. பாமசியில் "உடம்பு நோவுக்கு ஒண்டு தாங்கோ" என்று கேட்டு வாங்குகிற டைக்குளோபெனக், டெங்கென்றால் இரத்தக் கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலென்றால் ஏற்கனவே அடிவாங்கும் சிறுநீரகத்தை இன்னும் அடிக்கும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சும்மா ஒரு வலிமருந்து அல்ல. ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை, இருமலில் இரத்தம், மூச்சு வாங்குதல், கண் மஞ்சள்: இவற்றில் ஒன்று கண்டாலும் ஓட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

டெங்கைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது, ஒன்று மட்டும் சொல்கிறேன்: காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்தான நாள். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் இரத்தம் பார்க்க வேண்டும். சின்னமுத்துக்கு 9 மாத ஊசியும் 3 வயது ஊசியும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் விழுந்திருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். கொரோனாக் காலத்தில் தவறவிட்டிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் இப்போதும் போடலாம்.

மலேரியா 2012 ஒக்டோபரோடு இங்கே உள்ளூரில் பரவுவது நின்றுவிட்டது; 2018 கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக ஒருவருக்குத் தொற்றியது விதிவிலக்கு. ஒருகாலத்தில் வன்னிக்காடே அதன் வீடு. ஆனால் 2016 கடைசியில் மன்னாரில் கிணற்றுக்குள்ளும் தண்ணீர்த் தாங்கிக்குள்ளும் முட்டையிடக்கூடிய புது மலேரியா நுளம்பைக் கண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் பயணத்தைச் சொல்லுங்கள். இளம் வைத்தியர்கள் மலேரியாவைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

சுகாதாரப் பகுதியிடமும் கமநல சேவை நிலையங்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் என்று எந்தக் குளத்துக்கும் போகத்துக்கு முன் கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர், எந்தத் திகதி தண்ணீர் திறப்பு, எப்போது விதைப்பு என்று தீர்மானிக்கிறோம். நோய் எப்போது வரும் என்பதும் அதே கூட்டத்தில் எழுதப்படுகிறது, ஒருவரும் வாசிப்பதில்லை. பரிசோதகரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்து, தண்ணீர் திறப்புக்கு ஏழு நாள் முன் குளிசைத் திகதி என்று அறிக்கையில் எழுதுங்கள். இப்போது காய்ச்சல்காரர் வைத்தியசாலைக்கு வந்தபிறகுதான் குளிசை ஊருக்குள் வருகிறது. இன்னொன்று, கமக்காரர் அமைப்பின் பெயர்ப் பட்டியலில் காணிக்காரர் இருப்பார். வரம்பில் நிற்கிறவர் அடுத்த ஊரிலிருந்து நாட்கூலிக்கு வந்தவர், பெரும்பாலும் பெண், எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். குளிசை கொடுப்பது பட்டியலைப் பார்த்து அல்ல, விடிய ஆறு மணிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுகிறவர்களைப் பார்த்து.