பச்சையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

ஊட்டி போய் வந்தவர்கள் போடும் படங்களுக்குக் கீழே தவறாமல் ஒரு வரி வந்துவிடும்: "ஆஹா, எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேல்!" இந்தப் பசேலோடுதான் எனக்குச் சண்டை. தேயிலையும் பச்சை, கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) பச்சை, சீகையும் (வாட்டில் மரம்) பச்சை, மலை மடிப்புகளில் இயற்கையாக வளர்ந்த சோலைக்காடும் பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்துவிட்டால் எல்லாவற்றையும் காடு என்று எழுதிவிடுகிறோம். நீலகிரியைக் கறுப்பு வெள்ளையில் எடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். பழைய கால ஏக்கம் எல்லாம் எனக்குக் கிடையாது.

அவலாஞ்சிப் பக்கம் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு மலைச்சரிவை எடுத்துப் பாருங்கள். நிறம் போனதும் மிஞ்சுவது வடிவம்தான். சோலை காலிஃபிளவர் போல உருண்டு திரண்டிருக்கும். ஒவ்வொரு மரத்தின் தலையும் வெவ்வேறு சாம்பலில் தெரியும். அதுவும் ஓடை இறங்கும் மடிப்புக்குள் மட்டும். மேலே சரிவு முழுக்க வெளிறிய புல். இரண்டும் சந்திக்கும் விளிம்பு கத்தரித்தாற்போல இருக்கும். அடுத்த சரிவில் கற்பூர மரங்கள் நின்றால் ஒரே உயரம், ஒரே வயது, வரிசை வரிசையாக நெட்டைத் தண்டுகள். தேயிலையில் கவாத்து வெட்டிய மட்டமும், ஆள் நடக்கும் தடங்களும், இடையிடையே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கும் துருத்திக்கொண்டு நிற்கும். கலரில் காடாக நடித்த சரிவு, இங்கே தோட்டம் என்று ஒப்புக்கொண்டுவிடும்.

19ஆம் நூற்றாண்டில் ஏ.டி.டபிள்யூ. பென் போன்ற புகைப்படக்காரர்கள் உதகையில் எடுத்த படங்களைக் காட்டினால், "மரமெல்லாம் எங்கே, வெட்டிவிட்டார்களா?" என்று கேட்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. அந்தச் சரிவுகள் பெரும்பாலும் புல்வெளிகள் ஐயா! மழையை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டது அந்தப் புல்லும் சோலையும்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகையையும் கொண்டுவந்து நட்ட பிறகு வந்ததுதான் இன்று நாம் மயங்கும் பச்சையில் பெரும்பங்கு.

அதற்காக செல்போனில் கறுப்பு வெள்ளைக்கான 'மோனோ'வைத் தட்டினால் வேலை முடிந்துவிடாது. எல்லாம் ஒரே சாம்பல் கூழாகிவிடும். படத்தைத் திருத்தும் செயலியில் நிறவாரியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இடம் இருக்கும். பச்சையை நகர்த்தினால் இலைகள் அவ்வளவாக அசையாது, மஞ்சளை நகர்த்துங்கள். மூடுபனியில் கேமரா காட்டும் அளவை நம்பினால் பனி அழுக்காக விழும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டி வையுங்கள். மற்றபடி, சொதப்பிய படத்தைக் காப்பாற்ற மட்டும் கறுப்பு வெள்ளைக்கு ஓடுகிறவர்களும், தேயிலை பறிக்கும் பாட்டியின் முகச்சுருக்கத்தைத் தேடி அலைகிறவர்களும் என் கட்சியில் இல்லை.

இதைப் பேச உதகைக்குத் தனி உரிமையும் உண்டு. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967இல் இங்கேதான் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' (Indu) என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் இந்த மலையிலிருந்து போயின. கலர் வந்தது, ஆலை நலிந்தது, மூடியும் விட்டார்கள். ஆலை இருந்த பகுதிக்கு இந்து நகர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

கறுப்பு வெள்ளையும் பொய் சொல்லும், மறுக்கவில்லை. பென் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளி நன்றாகப் பதியும், சிவப்பு பதியவே பதியாது. ஆகவே தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்ற போர்வையில் சிவப்பு நூலில் போட்ட பூவேலையும் கறுப்பு நூலில் போட்டதும் அந்தப் படங்களில் ஒரே கறுப்பாகத்தான் விழும். வெள்ளைத் துணியில் அந்தச் சிவப்பை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் இழப்பு புரியும்.

அதனால் பூத்துக்குளியை மட்டும் கலரிலேயே எடுங்கள். குறிஞ்சிக்கும் அதே விலக்கு. கொடைக்கானலில் 2018இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூத்ததைச் சாம்பலாக்கி இங்கே பதிவிடுகிறவர் யாராக இருந்தாலும் நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.