தேநீர்க் கோப்பையும் ஜான்சனின் நண்பர்களும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் எவ்வளவு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தாலும் அவருக்காக விழித்திருந்து தேநீர் ஊற்றிக் கொடுப்பார் அன்னா வில்லியம்ஸ். கவிஞர். இரண்டு கண்ணும் தெரியாது. கோப்பை நிரம்பியதா என்று அறிய உள்ளே விரல் விட்டுப் பார்க்கிறார் என்று நினைத்து, அப்படியே எழுதிவிட்டார் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல். பிறகு, அன்னாவோடு நெடுநாள் பழகிய ஒரு பெண்மணி திருத்தினார்: கோப்பையின் வெளிப்புறத்தைத் தொட்டாலே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பாஸ்வெல் அதை அடிக்குறிப்பாகச் சேர்த்தார். நேர்மையான மனிதர்தான்.

ஆனால் ஜான்சனின் நட்பு என்றாலே பாஸ்வெல் எழுதிய வரலாற்றிலிருந்து தொடங்குவது சரியில்லை என்பது என் கருத்து. இருவரும் சந்தித்தது 1763 மே 16 அன்று. அப்போது ஜான்சனுக்கு 53 வயது. அவர் தொகுத்த புகழ்பெற்ற ஆங்கில அகராதி வெளிவந்தே 8 ஆண்டு ஆகியிருந்தது. ஜான்சன் இருந்தது லண்டனில்; பாஸ்வெல்லின் குடும்பமும் வக்கீல் தொழிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். 21 ஆண்டு நட்பில் சேர்ந்திருந்த நாட்கள் சில நூறுதான் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர் கேட்டது பெரும்பாலும் விருந்துமேசைப் பேச்சு.

ஜான்சனின் வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் வேறு. ராபர்ட் லெவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் பெறாத வைத்தியர். லண்டன் ஏழைகளைத் தேடி நடந்தே போவார். காசில்லாதவர்கள் ஒரு வாய் மது கொடுத்தால் அதையே கட்டணமாக வாங்கிக்கொள்வார். காலையில் ஜான்சனோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பாஸ்வெல்லுக்கு அவர் ஒரு விசித்திரத் தோற்றம், நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவர், அவ்வளவுதான். அந்த மனிதர் 1782 ஜனவரியில் இறந்தபோது ஜான்சன் எழுதிய 36 வரி இரங்கற்பாவைப் படித்துப் பாருங்கள். தனக்குக் கிடைத்த ஒரே திறமையைச் சரியாகப் பயன்படுத்தியவன் என்கிறார். நான் படித்த ஜான்சனில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, சிறுவனாக ஜான்சன் வீட்டுக்கு வந்த பிரான்சிஸ் பார்பரும் அப்படித்தான். ஜான்சன் தன் சொத்தின் பெரும்பகுதியை அவருக்குத்தான் எழுதி வைத்தார். பார்பருக்கென்றே மைக்கேல் பண்டாக் 2015இல் ஒரு முழு வரலாறு எழுதியிருக்கிறார். ஜான்சனைப் படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

அப்புறம், அந்தக் கோப்பை விஷயத்தைத் திருத்திய பெண்மணி. பாஸ்வெல் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. ஜான்சன் வீட்டுக் கதை முழுவதையும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.