பூடிக்கா தேரில் அரிவாள் இருந்ததா?

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே நிற்கும் பழங்கால பிரிட்டனின் பழங்குடி ராணி பூடிக்காவின் வெண்கலச் சிலையின் படத்தோடு, 'ராணியின் அசல் உருவம், அவர் ஓட்டிய அதே தேர்' என்றொரு பதிவு சுற்றுகிறது. தவறு.

அவர் ரோமானியரை எதிர்த்தது கி.பி. 60-61இல். அக்காலத்து உருவம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. இடுப்புவரை கூந்தல், கழுத்தில் பெரிய பொன்னணி, பல வண்ண அங்கி என்ற வர்ணனையை எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ, அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர்.

சிற்பி தாமஸ் தார்னிக்ராஃப்ட் இந்தச் சிலை வேலையைத் தொடங்கியது 1856இல். வார்ப்பு 1902இல், அவர் இறந்த பிறகு. சக்கர அச்சில் நீட்டியிருக்கும் அரிவாள்கள் கற்பனை. பிரிட்டனில் தோண்டியெடுத்த இரும்புக்காலத் தேர்களில் அப்படி எதுவும் இல்லை. அவை இரு குதிரை இழுக்கும் இலகுவான மர வண்டிகள். சிலையின் குதிரைகளைப் பாருங்கள், கடிவாள வாரே கிடையாது!